தகடூரும் குவைத்தும்: பெரிய நாட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன நாடு

இந்த எபிசோடை தருமபுரியில, எங்க அம்மா வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். பெங்களூர்–சேலம் ரோடு பக்கத்துலயே போகுது, நடுவுல லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

போன வாரம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவோட தம்பி. அதியமான்கோட்டை பக்கத்துல ஒரு கிராமம். பரண்ல இருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து என் மடியில வெச்சாரு. உள்ள மூணு பொருள் இருந்துச்சு. குவைத் சிவில் ஐ.டி. கார்டு ஒண்ணு, அதுல மீசை முளைச்சும் முளைக்காம மாமா. 5 தினார் நோட்டு ஒண்ணு. நாலா மடிச்ச ஒரு படிவத்தோட ஜெராக்ஸ் காப்பி.

"டேய் மாப்ள, இது செல்லாத நோட்டு. ஆனா தூக்கிப் போட மனசு வரல"ன்னாரு.

ஏன் செல்லாதுன்னு கேட்டேன். "அந்த நாடே ஏழு மாசம் இல்லாம போச்சுடா. நோட்டு எப்படிச் செல்லும்?"

ஒரு நாடு ஏழு மாசம் இல்லாம போறதுன்னா என்ன? அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம். தன்னைவிடப் பல மடங்கு பெரிய பக்கத்து நாட்டுகிட்ட இருந்து ஒரு சின்ன நாடு எப்படித் தனியா நிக்குது? எப்ப விழுது? விழுந்தா அங்க இருந்த சாதாரண ஆளுக்கு என்ன ஆகுது? இதுக்கு ரெண்டு கதை சொல்லப் போறேன். ஒண்ணு மாமா பார்த்த குவைத். இன்னொண்ணு, மாமா பொறந்த மண்ணு. அந்த ஊர் பேர்லயே ஒரு ராஜா இருக்காரு இல்லையா, அவரோட தகடூர்.

முதல்ல அளவு. இன்னைக்கு இருக்கிற தருமபுரி மாவட்டம் சுமார் 4,500 சதுர கிலோமீட்டர். குவைத் 17,818. அதாவது நாலு தருமபுரியைச் சேர்த்து வெச்சா ஒரு குவைத். பக்கத்துல இருக்கிற ஈராக் சுமார் 4 லட்சத்து 38 ஆயிரம். குவைத் மாதிரி 24 நாட்டை உள்ள வெச்சாலும் இடம் மிச்சம் இருக்கும்.

அசோகர் சொன்ன ஒரு பேரு

தகடூர்ல இருந்து ஆரம்பிக்கலாம். தருமபுரியோட பழைய பேரு அதுதான். ஸ்கூல்ல நமக்குத் தெரிஞ்சது அதியமான், ஔவையார், நெல்லிக்கனி, அவ்வளவுதான். அரிய நெல்லிக்கனி கிடைச்சது, தான் சாப்பிடாம ஔவைக்குக் கொடுத்தாரு. பரீட்சையில ரெண்டு மார்க். ஆனா இந்த அதியமான் குடும்பத்தோட அரசியல் கதை அந்த நெல்லிக்கனியைவிடப் பெருசு.

கி.மு. 3-ம் நூற்றாண்டு. இந்தியாவோட பெரும்பகுதி அசோகர் கையில. அவரோட பாறைக் கல்வெட்டுகள் ஆந்திராவுல கர்னூல் பக்கம் எர்ரகுடி வரைக்கும் இருக்கு. கர்நாடகாவுல சித்ரதுர்கா மாவட்டத்துல பிரம்மகிரி, சித்தாபுரம் வரைக்கும் வந்துடுச்சு. அங்க இருந்து தருமபுரி ரொம்பத் தூரம் இல்ல. மௌரியப் பேரரசு கிட்டத்தட்ட வாசல்ல வந்து நிக்குது.

அசோகரோட ரெண்டாவது பெரும்பாறைக் கல்வெட்டுல, மனுஷங்களுக்கும் விலங்குகளுக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு பண்ணினதைப் பத்திச் சொல்றாரு. என் ஆட்சிக்கு உட்பட்ட இடங்கள்ல மட்டும் இல்ல, எல்லைக்கு வெளியே இருக்கிறவங்க நாட்டுலயும்னு சொல்லிட்டு, அந்த வெளி ஆளுங்களை வரிசையா பேர் சொல்றாரு. சோழர், பாண்டியர், சதியபுதோ, கேரளபுதோ, தாமிரபரணி, அதாவது இலங்கை. சோழர் யாருன்னு தெரியும், பாண்டியர் தெரியும், கேரளபுதோன்னா சேரர். நடுவுல இருக்கிற அந்த 'சதியபுதோ' யாரு? பல வருஷமா ஆய்வாளர்கள் ஆளுக்கு ஒரு இடத்தைச் சொல்லிட்டு இருந்தாங்க.

1981-ல பதில் கிடைச்சது. திருக்கோவிலூர் பக்கத்துல ஜம்பைன்னு ஒரு ஊரு. அங்க ஒரு குன்றோட குகையில தமிழ்நாடு தொல்லியல் துறை ஒரு கல்வெட்டைக் கண்டுபிடிச்சாங்க. தமிழ் பிராமி எழுத்து, ஒரே ஒரு வரி. முனிவர்கள் தங்குறதுக்கு அந்தக் குகையைக் கொடுத்தவர் பேரு அதுல இருக்கு: சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி. அசோகர் சொன்ன சதியபுதோ நம்ம அதியமான் வம்சம்தான்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏத்துக்கிட்டாங்க. அந்த எழுத்து கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டினதுன்னு ஐராவதம் மகாதேவன் கணிச்சாரு. அப்படின்னா, அசோகர் பேர் சொல்லிக் கூப்பிட்டு சுமார் 300 வருஷம் கழிச்சும் இந்தக் குடும்பம் அந்தப் பட்டத்தைப் பெருமையா போட்டுக்கிட்டு இருந்திருக்கு.

எனக்கு இதுல முக்கியமா படுறது ஒரு விஷயம். மூவேந்தர்களோட ஒப்பிட்டா சின்ன ஆளு. ஆனா அந்தக் காலத்து சூப்பர் பவர் அவங்களை "என் ஆளு"ன்னு சொல்லல, "சேரனோட ஆளு"ன்னும் சொல்லல. தனியா, அவங்க பேரைச் சொல்லியே கல்லுல வெட்டி வெச்சாரு.

சேரன் வாசலுக்கு வந்த கதை

அப்புறம் எப்படி விழுந்துச்சு? சங்கப் பாடல்கள்ல துண்டு துண்டா இருக்கிறதை ஆய்வாளர்கள் கோத்துச் சொல்ற கதை இது.

திருக்கோவிலூர் பக்கம் காரின்னு ஒரு குறுநில மன்னன். நெடுமான் அஞ்சி அவனோட கோவலூர் மேல படையெடுத்து ஜெயிச்சான். அந்த வெற்றியைப் பரணர் பாடினதா ஔவையாரே புறநானூறுல சொல்றாங்க. ஊரை இழந்த காரி சேரன்கிட்ட போறான். சேரனுக்குக் கொல்லிமலை மேல ஒரு கண்ணு. அங்க ஆண்டுட்டு இருந்தவன் வல்வில் ஓரி. காரி ஓரியைக் கொன்னு, கொல்லியை சேரனுக்குக் கொடுத்தான்னு அகநானூறு சொல்லுது.

இப்ப மேப்பை மனசுல கொண்டு வாங்க. கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்துல. நடுவுல சேலம், அதுக்கு வடக்கே தகடூர். இவ்வளவு நாளா தூரத்துல இருந்த பெரிய நாடு, ஒரே போர்ல பக்கத்து வீட்டுக்காரனா ஆயிடுச்சு.

அதியமான் தனியா எதிர்க்கல. பதிற்றுப்பத்தோட எட்டாம் பத்துப் பதிகம், கொல்லிப் பகுதியில சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானையும் அவனோட சேர்ந்து நின்ன ரெண்டு பெரிய வேந்தர்களையும் ஒண்ணா ஜெயிச்சான்னு சொல்லுது. அந்த ரெண்டு பேரு சோழனும் பாண்டியனும்னு உரைகாரங்க பொருள் சொல்றாங்க. சேரன் ரொம்பப் பெருசா வளர்ந்துட்டா நமக்கும் ஆபத்துன்னு அவங்க கணக்கு போட்டிருக்கணும். கூட்டணி இருந்துச்சு, ஆனா தோத்துப் போச்சு. அதுக்கப்புறம் தகடூர் கோட்டையும் விழுந்துச்சு.

அதியமானுக்கு ராஜதந்திரமும் தெரியும். ஔவையாரைக் காஞ்சித் தொண்டைமான்கிட்ட தூது அனுப்பினது பிரபலமான கதை. தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைத் திறந்து காட்டுறான். ஔவை சிரிச்சுக்கிட்டே பாராட்டுறாங்க. ஆஹா, உன் வேல் எல்லாம் மயில் பீலி சூட்டி, எண்ணெய் பூசி எவ்வளவு அழகா இருக்கு! எங்க ராஜாவோட வேல் எல்லாம் நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குதுப்பா. கேக்குறதுக்குப் பாராட்டு, உள்ள எச்சரிக்கை. சின்ன நாட்டுக்கு இந்த மாதிரி பேசத் தெரிஞ்ச ஆள் படையைவிட முக்கியம்.

தகடூர் போரைப் பத்தித் 'தகடூர் யாத்திரை'ன்னு ஒரு தனி நூலே இருந்துச்சு. முழுசா நமக்குக் கிடைக்கல, மத்த நூல்கள்ல எடுத்தாண்ட கொஞ்சப் பாட்டுகள்தான் மிச்சம். ஆனா ஒரு விஷயம் தப்பிச்சு வந்திருக்கு. அரிசில் கிழார்னு ஒரு புலவர். தகடூரை ஜெயிச்ச சேரனைப் பாடினது இவர்தான், அதுதான் அந்த எட்டாம் பத்து. பரிசா ஒன்பது லட்சம் பொற்காசும் சிம்மாசனமுமே கொடுத்தான் சேரன், இவர் சிம்மாசனத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு அமைச்சரா இருந்தாருன்னு பதிகம் சொல்லுது. அதே அரிசில் கிழார், தகடூர் போர்ல செத்துப்போன எழினி என்ற அதியமானுக்காக ஒரு இரங்கல் பாட்டும் பாடியிருக்காரு, புறநானூறு 230. எழினி ஆண்ட நாட்டுல கன்னுக்குட்டிகள் காட்டுலயே பயமில்லாம தூங்குமாம். வழிப்போக்கன் எங்க வேணும்னாலும் படுத்துக்கலாமாம். களத்துல நெல்லுக் குவியலுக்குக் காவலே வேண்டாமாம். எமனைப் பார்த்து, விதை நெல்லை எடுத்துத் தின்னுட்ட உழவன் மாதிரி முட்டாள்தனம் பண்ணிட்டியேன்னு திட்டுறாரு.

ஜெயிச்சவன் வீட்டுல அமைச்சரா இருந்த ஆளு, தோத்தவனோட நாட்டை இப்படி நினைச்சுப் பார்க்கிறாரு.

ஜெயிச்ச சேரனோட பட்டம் என்ன தெரியுமா? தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. எறிந்தன்னா அழிச்ச. ஒரு நாட்டோட பேரு இன்னொருத்தனோட பட்டத்துக்குள்ள ஒரு சொல்லா போய் உட்கார்ந்துடுச்சு.

ரிசர்வ் வங்கி நோட்டு ஓடின நாடு

இப்ப குவைத்துக்கு வர்றேன். 1899-ல ஷேக் முபாரக் அல் சபா பிரிட்டனோட ஒரு ஒப்பந்தம் போட்டாரு. அந்தப் பக்கம் அப்ப ஒட்டோமான் பேரரசு. பெரிய பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட இருந்து தப்பிக்க தூரத்துல இருக்கிற இன்னொரு பெரியவன்கிட்ட போய் நின்னாரு. பாதுகாப்பு கிடைச்சது, வெளியுறவு முடிவெல்லாம் பிரிட்டன் கைக்குப் போச்சு.

நம்ம பக்கம் ஒரு தொடர்பு சொல்றேன். குவைத்ல ரொம்ப வருஷம் ஓடினது இந்திய ரூபாய்தான். 1959-ல வளைகுடாவுக்குன்னே தனி நிறத்துல ரிசர்வ் வங்கி நோட்டு அடிச்சுக் கொடுத்துச்சு. 1961-லதான் குவைத் தினார் வந்துச்சு. அதே வருஷம் ஜூன் 19-ம் தேதி குவைத் முழு சுதந்திர நாடு.

எத்தனை நாள் நிம்மதியா இருந்தாங்க? ஆறு நாள். ஜூன் 25-ம் தேதி ஈராக் பிரதமர் அப்துல் கரீம் காசிம், குவைத் எங்க பஸ்ரா மாகாணத்தோட ஒரு பகுதின்னு அறிவிச்சாரு. ஜூலை 1-ம் தேதி பிரிட்டிஷ் படை திரும்ப வந்து இறங்குச்சு. அப்புறம் அரபு லீக் படை அவங்க இடத்துக்கு வந்துச்சு. அதே வருஷக் கடைசியில குவைத் ஐ.நா.வுல சேர விண்ணப்பிச்சப்ப, சோவியத் யூனியன் வீட்டோ போட்டுச்சு. 1963 மே மாசம்தான் உறுப்பினராச்சு. அக்டோபர்ல ஈராக் குவைத்தை அங்கீகரிச்சுக் கையெழுத்துப் போட்டுச்சு.

இடையில குவைத் ஒரு புத்திசாலித்தனமான வேலை பண்ணுச்சு. 1961 கடைசியிலயே மத்த நாடுகளோட வளர்ச்சித் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கிற ஒரு நிதியத்தை ஆரம்பிச்சாங்க. நாடு ஆரம்பிச்சு ஆறு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள ஊருக்கெல்லாம் கடன் கொடுக்கிறாங்க. தொண்டைமான்கிட்ட அனுப்ப இவங்ககிட்ட ஔவை இல்ல, பணம் இருந்துச்சு. நம்ம பேரை நாலு பேர் தெரிஞ்சு வெச்சிருக்கணும், நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா கேக்கணும், அதான் கணக்கு.

ஆனா அதே பணம்தான் வம்பையும் கொண்டு வந்துச்சு. 1980-லிருந்து 88 வரைக்கும் ஈராக் ஈரானோட போர். குவைத் ஈராக்குக்குக் கடன் கொடுத்துச்சு, சுமார் 1,400 கோடி டாலர். போர் முடிஞ்சப்ப ஈராக் கஜானா காலி. கடனைத் தள்ளுபடி பண்ணுன்னு சதாம் உசேன் கேட்டாரு. குவைத் ஒத்துக்கல. குவைத் அளவுக்கு மேல எண்ணெய் எடுத்து விலையைக் குறைக்குது, ருமைலா வயல்ல எங்க எண்ணெயைத் திருடுதுன்னு ஈராக் குற்றம் சாட்டுச்சு. 1990 ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை விடியக்காலையில ஈராக் டாங்கிகள் எல்லை தாண்டுச்சு.

மாமாவோட ஆகஸ்ட்

மாமா 1987-ல போனவரு. ஒரு பக்காலாவுல, அதாவது மளிகைக் கடையில வேலை. "எந்த ஊருன்னு கேட்டா சேலம் பக்கம்னு சொல்லுவேன். தருமபுரின்னா யாருக்குத் தெரியும்?" நியாயம்தான். 1965 அக்டோபர் 2 வரைக்கும் தருமபுரி சேலம் மாவட்டத்துலதான் இருந்துச்சு. தனி மாவட்டமாகி 20 வருஷத்துக்கு மேல ஆகியும் வெளியூர்ல அதுக்குப் பேரு சேலம் பக்கம்.

அன்னைக்குக் காலையில கடையைத் திறக்கப் போனவரு, ரோட்டுல டாங்கியைப் பார்த்துட்டு அணிவகுப்புன்னு நினைச்சாராம். மதியத்துக்குள்ள கடை முன்னாடி நூறு பேரு. அரிசி, பால்பவுடர், பேட்டரி. சாயங்காலம் அலமாரி காலி. பாஸ்போர்ட் கஃபீல்கிட்ட, அதாவது ஸ்பான்சர்கிட்ட இருந்துச்சு. கல்ஃப் போன யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, அப்ப அதுதான் வழக்கம். கஃபீல் குடும்பத்தோட சவூதிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நைட்டு வந்து பாஸ்போர்ட்டைக் கொடுத்துட்டு, மூணு மாச சம்பளத்துல பாதியையும் கொடுத்தாராம். "மீதியைத் திரும்பி வந்து தர்றேன்னாரு. எந்த நாட்டுக்குத் திரும்பி வருவாருன்னு அவருக்கே தெரியல."

ஆகஸ்ட் 8-ம் தேதி ஈராக் குவைத்தைத் தன்னோட இணைச்சுக்கிட்டதா அறிவிச்சது. 28-ம் தேதி அதுக்கு ஒரு நம்பர் கொடுத்தாங்க: ஈராக்கோட 19-வது மாகாணம். குவைத் சிட்டிக்குக் காதிமான்னு வேற பேரு. கார் நம்பர் பிளேட்டை மாத்தச் சொன்னாங்க, அடையாள அட்டையை மாத்தச் சொன்னாங்க. குவைத் தினாரும் ஈராக் தினாரும் சமம்னாங்க. முன்னாடி ஒரு குவைத் தினாருக்குப் பல ஈராக் தினார் கிடைக்கும். மாமா மூணு வருஷமா சேர்த்த காசு ஒரு அறிவிப்புல கரைஞ்சுது.

அப்ப குவைத் மக்கள் ஒரு விஷயம் பண்ணினாங்க. தெருப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டாங்க, வீட்டு நம்பரை எல்லாம் அழிச்சாங்க. ஈராக் படைக்கு யாரு வீடு எதுன்னு தெரியக்கூடாதுன்னு. மாமா சொன்னாரு, "எங்க தெருவுக்குப் பேரும் இல்ல, நம்பரும் இல்ல. ஆனா தெருவுல இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும்."

இந்தியா என்ன பண்ணுச்சு? குவைத்ல அப்ப நம்ம ஆளுங்க ஒண்ணே முக்கால் லட்சம் பேருக்குக் கிட்ட. வெளியுறவு அமைச்சர் ஐ.கே. குஜ்ரால் பாக்தாத் போய் சதாமைப் பார்த்தாரு. சதாம் அவரைக் கட்டிப்பிடிச்ச போட்டோ உலகம் பூரா வந்துச்சு, நிறையப் பேர் திட்டினாங்க. ஒரு குட்டி நாட்டை விழுங்கினவனோட கை குலுக்கலாமான்னு கேட்டாங்க. மாமாகிட்ட இதைக் கேட்டேன். "நீ இங்க உட்கார்ந்து கேக்குற. நான் அங்க இருந்தேன். அவரு யாரைக் கட்டிப்பிடிச்சாலும் எனக்குப் பிளேன் வந்தா போதும்"னாரு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

பிளேன் வந்துச்சு. குவைத்ல இருந்து பஸ்ல பஸ்ரா, அங்க இருந்து பாக்தாத், அப்புறம் பாலைவனம் தாண்டி ஜோர்டான் எல்லை. எல்லையில கூடாரத்துல பதினோரு நாள். ஒரு ரொட்டியை நாலு பேர் பகிர்ந்துக்கிட்டு, தண்ணி லாரிக்கு வரிசையில நின்னு. அம்மானில இருந்து ஏர் இந்தியா. ஆகஸ்ட் 13-லிருந்து அக்டோபர் 11 வரைக்கும் 59 நாள்ல 488 விமானம், ஒரு லட்சத்துப் பத்தாயிரம் பேருக்கு மேல. கின்னஸ் சாதனை அது. மாமா செப்டம்பர்ல பம்பாய்ல இறங்கினாரு. பெங்களூர் வரைக்கும் ரயில், அங்க இருந்து பஸ். தருமபுரி பஸ் ஸ்டாண்டுல பாட்டி அவரை அடையாளம் தெரியாம தாண்டிப் போயிட்டாங்களாம்.

அந்த ஜெராக்ஸ் காப்பி

டப்பாவுல மூணாவதா இருந்த அந்தப் படிவத்துக்கு வர்றேன்.

படையெடுப்பு நடந்த அன்னைக்கே ஐ.நா. பாதுகாப்பு சபை ஈராக்கை வெளியேறச் சொல்லித் தீர்மானம் போட்டுச்சு. ஆகஸ்ட் 9-ம் தேதி இன்னொரு தீர்மானம்: இந்த இணைப்பு செல்லாது. 1991 ஜனவரி 17-ல போர் ஆரம்பிச்சு, அமெரிக்கா தலைமையில 30-க்கும் மேற்பட்ட நாடுகள். பிப்ரவரி 26-ல குவைத் விடுதலை. குவைத் பழைய நோட்டை எல்லாம் ரத்து பண்ணி மார்ச்ல புது நோட்டு அடிச்சது, ஏன்னா ஈராக் படை வங்கியில இருந்து பழசை அள்ளிட்டுப் போயிருந்துச்சு. மாமாவோட 5 தினார் அப்படித்தான் செல்லாக்காசு ஆச்சு.

அப்புறம் ஐ.நா. ஜெனீவாவுல ஒரு நஷ்டஈட்டு கமிஷன் வெச்சது. ஈராக் எண்ணெய் வித்து வர்ற பணத்துல ஒரு பங்கைப் பிடிச்சு, பாதிக்கப்பட்டவங்களுக்குக் கொடுக்கணும். அரசாங்கம், கம்பெனிகளுக்கு முன்னாடி தனி ஆளுங்களுக்கு முன்னுரிமை. குவைத்தை விட்டு ஓடி வந்தவங்களுக்குன்னு ஒரு பிரிவு. தனி ஆளுக்கு 2,500 டாலர், வேற பிரிவுல எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதிக் கொடுத்தா 4,000 டாலர்.

மாமாகிட்ட இருந்தது அந்தப் படிவம்தான். ஊர்ல டைப் அடிக்கிற கடையில உட்கார்ந்து பூர்த்தி பண்ணியிருக்காரு. பணம் வர வருஷக் கணக்காச்சு, வந்தப்ப அதை வெச்சு போர் போட்டாரு. தண்ணி வர்ற போர்வெல்தான். இன்னைக்கும் அவர் தோட்டத்துல ஓடுது. அந்த கமிஷன் 2022 ஜனவரியில கடைசித் தவணையைக் கொடுத்து முடிச்சது, மொத்தம் 5,240 கோடி டாலர்.

அந்தப் படிவத்தைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைச்சது. குவைத் 19-வது மாகாணமாவே இருந்திருந்தா இந்தப் படிவமே இருந்திருக்காது. ஒரு நாட்டுக்குள்ள ஒரு மாகாணத்துல நடந்த உள்விவகாரம், அவ்வளவுதான். யார்கிட்ட போய் நஷ்டஈடு கேப்பீங்க? சுதந்திரம்னா கொடி, தேசிய கீதம், பெரிய ஆளுங்க சமாச்சாரம்னு நினைச்சுட்டு இருந்தேன். அந்த நாட்டுல குடியுரிமைகூட இல்லாத ஒரு தருமபுரிக்காரனுக்கு, "எனக்கு இந்த இடத்துல இந்த அநியாயம் நடந்துச்சு"ன்னு சொல்ல அந்த நாட்டோட பேரு தேவைப்பட்டுச்சு.

தகடூர் ஆளுங்களுக்கு ஜெனீவா இல்ல. அந்தப் போர்ல யார் யார் வயல் எரிஞ்சது, யார் மகன் வரலன்னு நமக்குத் தெரியாது. கிடைச்சது நடுகல்லும் பாட்டும்தான். நெடுமான் அஞ்சி செத்த பிறகு, அவன் நடுகல்லுக்குக் கள் படைக்கிறதைப் பத்தி ஔவையார் பாடியிருக்காங்க. நாட்டையே கொடுத்தாலும் வாங்கிக்காதவன், இந்தக் கொஞ்சம் கள்ளை ஏத்துக்குவானான்னு கேக்குறாங்க. அந்தம்மா பூர்த்தி பண்ணின படிவம் அது.

சின்னவன்னா நல்லவனா?

இங்க நிறுத்தினா கதை ரொம்பச் சுலபமா முடிஞ்சுடும். ரெண்டு விஷயம் சொல்லணும்.

ஒண்ணு, சின்னவனும் இன்னொருத்தனுக்குப் பெரியவன். சேரன்கிட்ட தோத்த அதே அதியமான் குடும்பம்தான் காரியோட கோவலூரை அடிச்சது. ஜம்பை இருக்கிறது திருக்கோவிலூர் பக்கம்னு சொன்னேன் இல்லையா, நம்ம ஆளு போய் ஜெயிச்ச ஊர்ப் பக்கம்தான் நம்ம ஆளோட கல்வெட்டு இருக்கு. குவைத்தும் அப்படித்தான். விடுதலைக்கு அப்புறம், அங்க இருந்த சுமார் 4 லட்சம் பாலஸ்தீனியர்கள்ல பெரும்பாலானவங்களுக்கு இடமில்லாம போச்சு. அவங்க தலைமை சதாம் பக்கம் நின்னதுக்கு விலை, தலைமுறையா அங்க வேலை செஞ்ச வாத்தியாருங்களும் இன்ஜினியருங்களும் கொடுத்தாங்க. பிதூன்னு சொல்லப்படுற, எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவங்க பிரச்சினை இன்னும் தீரல.

ரெண்டு, உதவிக்கு வர்றவனோட கணக்கு. தகடூருக்கு வந்த ரெண்டு வேந்தர்களும் சேரன் வளரக்கூடாதுன்னு வந்தவங்க. குவைத்துக்கு 30 நாடு வந்ததுல எண்ணெய்க்கு எவ்வளவு பங்குன்னு எல்லாருக்கும் தெரியும். பேரைத் தெரிஞ்சு வெச்சிருந்தா மட்டும் வந்துட மாட்டாங்க. ஆனா பேரே தெரியலன்னா வர்றதுக்கான பேச்சே எழாது.

இன்னொரு வேடிக்கை. பல நூறு வருஷம் கழிச்சு, சோழர்களுக்குக் கீழ அதிகமான்கள்னு ஒரு குடும்பம் தகடூரை ஆண்டுச்சு. அதுல விடுகாதழகிய பெருமாள்னு ஒருத்தரோட கல்வெட்டு போளூர் பக்கத்துல திருமலையில இருக்கு. அதுல அவங்க தங்களைச் சேர வம்சம்னு சொல்லிக்கிறாங்க. அழிச்சவனோட குடும்பப் பேரையே பெருமையா போட்டுக்கிட்டாங்க. "நாம எல்லாம் ஒரே குடும்பம்"ங்கிற பேச்சு ரெண்டு பக்கமும் வெட்டும். சதாமும் அதைத்தான் சொன்னாரு.

கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை பெங்களூர்ல இருந்து சேலம், கோயம்புத்தூர் பக்கம் கார்ல போனீங்கன்னா, தருமபுரி தாண்டினதும் அதியமான்கோட்டைன்னு பலகை வரும். கூகுள் மேப் நிக்கச் சொல்லாது. நீங்க நில்லுங்க. தருமபுரி அருங்காட்சியகத்துல நடுகற்கள் இருக்கு, அதையும் ஒரு மணி நேரம் பாருங்க. உங்க வீட்டுல, தெருவுல, 1990-ல குவைத்ல இருந்து வந்தவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட பேசுங்க. அவங்களுக்கு இப்ப அறுபது, எழுபது வயசு. யாரும் கேக்காததால சொல்லாம இருக்காங்க.

இதை எல்லாம் மாமாகிட்ட சொன்னப்ப முழுசா கேட்டுட்டு, "சேரன் ஜெயிச்சான்ல, அவன் ஊரு எது?"ன்னாரு. கருவூர் சொல்றாங்க, தொண்டின்னும் சொல்றாங்கன்னேன். "பாரு, உனக்கே யோசிக்க வேண்டியிருக்கு. எங்க ஊரு பஸ்ல இன்னும் அதியமான்கோட்டைன்னுதான் எழுதியிருக்கு"ன்னு சொல்லிட்டு டப்பாவை மூடிப் பரண்ல வெச்சுட்டாரு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.